கால் சொன்ன சாட்சி

நம்மோடு கற்பிக்கும் நண்பர் ஒருவர் சென்ற வாரம் தமது காரைப் பற்றித் தயக்கத்துடன் பேசினார். பிறேக்கை மிதிக்கும்போது, மிதி முன்னிலும் சற்று ஆழமாக இறங்குவதாக அவருக்குத் தோன்றுகிறதாம். "திருத்துநரிடம் காட்டினீர்களா?" என்று வினவினோம். "கார் நிற்கத்தானே செய்கிறது? என் மனப்பிரமையாகவும் இருக்கலாம். போய்ச் சொன்னால் நகைப்பார்கள்" என்றார்.

இச்சொல் 2010ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒன்றை நமக்கு நினைவூட்டிற்று. டொயோட்டா நிறுவனத்தார் 2009இல் வெளியிட்ட புதிய பிரியஸ் கார்களை வாங்கியோர் பலர், யப்பானிலும் அமெரிக்காவிலும் ஒரே விதமாக முறையிட்டனர். மேடுபள்ளமான அல்லது வழுக்கும் வீதியில் மெதுவாகச் செல்கையில் மிதித்தால், பிறேக் ஒரு கணம் கைவிட்டு மீண்டும் பிடிக்கிறது என்றனர். அமெரிக்க அரசின் வீதிப் பாதுகாப்புத் துறைக்கு நூற்றுக்கு மேற்பட்ட முறையீடுகள் சென்றன. நிறுவனத்தாரோ, இது சாரதியின் உணர்வைப் பற்றியது என்றே முதலில் விளக்கங் கூறினர்.

ஆயினும் அவ்வுணர்வுக்குத் தக்க காரணம் இருந்தது. அக்காரின் வேகத்தைத் தணிக்க இரு வழிகள் உண்டு. மின்மோட்டாரே மின்பிறப்பாக்கியாக மாறி, ஓட்டத்தின் சக்தியைப் பற்றரியிற் சேர்ப்பது ஒன்று. எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் வழக்கமான பிறேக் மற்றொன்று. சில்லு வழுக்கும்போது முன்னதிலிருந்து பின்னதற்கு மாறும் இடத்தில், சாரதி எதிர்பார்த்த தடை ஒரு கணம் குறைந்தது. ஈற்றில், 2010 பெப்ரவரி 9ஆம் திகதி, உலகெங்குமுள்ள 4 இலட்சத்திற்கு மேற்பட்ட கார்களை மீள அழைத்து, அவற்றின் கணினிக் கட்டளைகளைத் திருத்துவதாக நிறுவனத்தார் அறிவித்தனர்.

ஒரு கணத்தில் என்ன நேர்ந்துவிடும் என்று மாணவர் கேட்கலாம். மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் கார், ஒரு வினாடியில் 10 மீற்றரைக் கடக்கும். அரை வினாடியில் 5 மீற்றர். பாடசாலை வாயிலில் வீதியைக் கடக்கும் பிள்ளைக்கு அந்த 5 மீற்றரே உயிர்.

மிதி ஆழ்வதற்கு வேறு காரணங்களும் உள. பிறேக் எண்ணெய் நாளடைவில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஈரமேறிய எண்ணெய் விரைவிற் கொதிக்கும். கடுகண்ணாவை போன்ற நீண்ட இறக்கத்தில் ஓயாது மிதித்தால் அது சூடேறி ஆவிக்குமிழிகள் உண்டாகும். எண்ணெய் அழுத்தத்திற்குச் சுருங்காது, ஆவியோ சுருங்கும். அப்போது மிதி அடிவரை இறங்கினும் கார் நில்லாது. ஆதலால் இறக்கத்திற் தாழ்ந்த கியரிற் செல்லுதலும், எண்ணெயை உரிய காலத்தில் மாற்றுதலும் வேண்டும். யப்பானிலிருந்து வந்த பழைய காரை வாங்கியோர், அதன் செசி இலக்கத்தைக் கொண்டு, மீளழைப்புத் திருத்தம் ஏதேனும் எஞ்சியுள்ளதா எனக் கேட்டறிதல் நன்று.

எந்திரத்தின் குறையை முதலில் அறிவது பெரும்பாலும் அதனை நாள்தோறும் ஓட்டுபவரின் காலே. அதன் சாட்சியை நாமே புறக்கணித்தால் வேறு யார் கேட்பார்?

நண்பர் மறுநாளே திருத்துநரிடம் சென்றார். பின்சில்லொன்றின் உட்புறத்தில் எண்ணெய் கசிந்துகொண்டிருந்தது. எவரும் நகைக்கவில்லை.