கீற்ஸ் பாடிய முத்துக்குளிப்பான்

கைத்தொழிற் புரட்சிக் காலத்து ஆங்கில இலக்கியம் பற்றி வினவினால் எம் மாணவர் தங்குதடையின்றி எழுதுவர். நீராவி இயந்திரம் வந்தது. சிற்றூர் மக்கள் நகரை நாடினர். கவிஞர் இயற்கையைத் தேடினர் என்பர். பிழையல்ல. ஆயின் அம்மாற்றத்தின் ஒரு முனை மன்னார்க் கடலடியிலே கிடந்தது என்பதை அவர்க்கு எடுத்துரைப்பார் இல்லை.

கீற்ஸ் 1818இல் இயற்றிய 'இசபெல்லா' 1820இல் நூலேறிற்று. இத்தாலியப் பழங்கதையே அதன் கரு. செல்வச் செருக்குற்ற வணிகர் இருவர் தம் தங்கையின் காதலனைக் கொல்கின்றனர். அவர்தம் பொருள் வந்த வழியைச் சொல்லப் புகுந்த கவிஞர், சுரங்கத்திலும் ஆலையிலும் உழல்வோரைக் காட்டிய கையோடு இலங்கையின் முத்துக்குளிப்பானைக் காட்டுகிறார். சுறா திரியும் நீரில் மூச்சடக்கி இறங்கும் அவன் செவிகளிலிருந்து குருதி பெருகுகிறது. கீற்ஸ் இக்கரையைக் கண்டவரல்லர். ஆனால் மருத்துவம் பயின்று 1816இல் உரிமம் பெற்றவர். உடல் படும் பாட்டை அவர் அறிவார். மார்க்ஸ் பாட்டெழுதியிருப்பின் இதனையே எழுதியிருப்பார் என்னும் கருத்துப்படப் பேணாட் ஷா 1921இல் எழுதினார். அழகை மட்டுமே பாடிய கவி என்று கீற்சை ஒதுக்குவோர் இதனை எண்ணுக.

பின்னர், 1906இல், மரிச்சுக்கட்டிச் சலாபத்திற் பணிபுரிய வந்தார் லெனாட் வூல்ப் என்னும் இளம் அதிகாரி. சிப்பியில் மூன்றில் இரு கூறு அரசுக்கு. ஒரு கூறே குளித்தோர்க்கு. 1921இல் அவர் வெளியிட்ட 'முத்துக்களும் பன்றிகளும்' என்னும் சிறுகதையில், கீழைநாட்டாரை ஆளும் வகை பற்றி இங்கிலாந்து விடுதியொன்றில் அளப்போர் முன்னே, சலாபக் கரையில் இறந்த அராபியக் குளிப்பான் ஒருவனின் கதை சொல்லப்படுகிறது. ஆண்டவர் உள்ளத்திலேயே ஆட்சியின்மேல் ஐயம் பிறந்த காலம் அது.

"அந்நியன் இரங்கியதில் நமக்கென்ன பெருமை?" என்றார் நண்பர் ஒருவர். பெருமைப்படச் சொல்லவில்லை. கீற்சின் குளிப்பானுக்குப் பெயரில்லை, பேச்சில்லை. படகிலிருந்து கயிறு பிடிக்கும் துணைவன் இல்லை. மந்திரத்தாற் சுறாவின் வாயைக் கட்டும் கடல்கட்டியும் இல்லை. இவற்றையெல்லாம் அறிந்தவர் நாமே. நாம் எழுதினோமா? கொற்கை முத்தையும் கடலில் மூழ்கிய பரதவரையும் சங்கச் சான்றோர் பாடினர். அவர் செவிக் குருதியைப் பாடியவர் அரியர். பின்வந்த புலவர்க்கோ முத்து, பெண்ணின் பல்லுக்கு உவமையாகவே பெரிதும் பயன்பட்டது!

ஆதலின் மன்னார்ப் பள்ளிகளில் 'இசபெல்லா'வின் அப்பகுதியை அகநானூற்று நெய்தற் பாட்டுடன் அருகருகே வைத்துக் கற்பித்தல் வேண்டும். தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒரே வகுப்பில் நிற்பதால் எவர் மதிப்பும் குறைந்துவிடாது. சலாபம் மறைந்தது, எனினும் சங்கும் கடலட்டையும் எடுக்க மூழ்குவோர் இக்கரையில் இன்றும் உளர். அவர்தம் பிள்ளைகள் எம் வகுப்புகளில் இருக்கின்றனர். தந்தையிடம் கேட்டு எழுதிவருமாறு அவர்க்கொரு கட்டுரை கொடுப்போம். கைத்தொழிற் புரட்சி பற்றிய கட்டுரையை அடுத்த தவணைக்கு வைத்துக்கொள்ளலாம்.