நமக்கென்று ஒரு மணி நேரம்

நடுத்தரக் குடும்பங்களும் இப்போது பாலித் தீவுக்கு டூர் போய் வருகிறோம். நானும் போய் வந்தேன். அங்கே நம் பெண்களிடம் கண்ட ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும்.

உபுத் சந்தையில் நாத்தனாருக்கு பாத்திக் சாரோங், மாமியாருக்குப் பிரம்புப் பை, எதிர்வீட்டுக்குச் சாவிக்கொத்து என்று பேரம் பேசிப் பேசி வாங்குகிறார்கள். லட்சம் ரூபியா என்றாலும் நம் பணத்தில் 500, 600 ரூபாய்தானே என்ற தைரியம்! ஆனால், மசாஜ் என்றதும், "அய்யே, அதெல்லாம் பணக்காரங்க சமாசாரம்" என்று ஒதுங்கிவிடுகிறார்கள்.

அப்படியில்லை, தோழிகளே! 'போரே' என்பது வயலில் உழைத்தவர்களின் உடம்பு வலிக்கு அரிசி, இஞ்சி, கிராம்பு அரைத்துப் பூசும் பாலி கிராமத்து வைத்தியம். 'லுலூர்' என்பது ஜாவாவில் கல்யாணப் பெண்ணுக்கு மஞ்சள், சந்தனம், அரிசி மாவு தேய்த்து, தயிர் பூசிக் குளிப்பாட்டுவது. நம்ம ஊர் நலங்குதான்! நலங்கு வைத்த நாளுக்குப் பிறகு நம் கை எத்தனை பேருக்குத் தைலம் தேய்த்திருக்கும்? நமக்கு யார் தேய்த்தார்கள்?

வாங்கிய பொருளை ஊருக்கு வந்ததும் பங்கு போட்டுவிடுவோம். அந்த ஒரு மணி நேரத்தை யாருக்கும் பங்கு போட முடியாது. நான் போரே பூசிக்கொண்டு படுத்திருந்தபோது, "காபி ஆச்சா?" என்று கேட்க ஆளில்லை!

இரண்டு சாரோங்கைக் குறையுங்கள். விலைப்பலகையைப் பார்த்து, பெண் ஊழியர்தானா என்று கேட்டுவிட்டுத் தைரியமாக உள்ளே போங்கள். அங்கே விற்கிற பொடிப் பாக்கெட் மட்டும் வேண்டாம். அரிசியும் மஞ்சளும் கிராம்பும் நம் சமையலறையிலேயே இருக்கின்றனவே!

- ஒரு வாசகி, திருச்சி