உயிர் தப்பினாற் போதுமா?

2013ஆம் ஆண்டின் இறுதியிற் கினி நாட்டில் தோன்றிய எபோலா நோய், 2016ஆம் ஆண்டு வரை லைபீரியா, சியரா லியோன் ஆகிய அயல்நாடுகளிலும் பரவி, 11,000 பேருக்கு மேற்பட்டோரைக் கொன்றது. இறந்தோரை எண்ணிய உலகம் பிழைத்தோரை மறந்தது. 'உயிர் தப்பியதே பெரும்பேறு, இனியென்ன குறை?' என்போர் இன்றும் உளர். இக்கேள்வி அறியாமையின் விளைவு மட்டுமன்று. பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் தந்திரமுமாகும்.

நோய் நீங்கியமைக்கான சான்றிதழுடன் வீடு திரும்பியவர் கண்டதென்ன? படுக்கையும் உடைகளும் எரிக்கப்பட்டிருந்தன. பெற்றோரையும் பிள்ளைகளையும் முறைப்படி அடக்கஞ்செய்யவும் பலருக்கு வாய்க்கவில்லை. மூட்டுவலியும் கண்ணழற்சியும் தொடர்ந்தன. அயலார் விலகிச் சென்றனர். இத்தகையவரை அழைத்து, நடந்ததைச் சொல்லுமாறு மீண்டும் மீண்டும் வற்புறுத்துவதையே உளவளத்துணை எனக் கொள்வோரும் உளர். ஆறாத புண்ணைக் கீறிப் பார்ப்பது மருத்துவமாகாது. மனவடுவை உணர்ந்த சமூகப்பணி, பேசும் உரிமையையும் பேசாதிருக்கும் உரிமையையும் அவரிடமே விடும். பாதுகாப்பு, தொழில், உறவு என்பவற்றை மீட்டெடுக்க அவருக்குத் துணை நிற்கும்.

அதுவும் போதாது என்பதற்கு லைபீரியப் பெண் சலோமி கார்வாவின் வாழ்வே சான்று. எபோலாவுக்குப் பெற்றோரைப் பறிகொடுத்த அவர், தாம் குணமடைந்த சிகிச்சை நிலையத்துக்கே திரும்பி நோயாளருக்குத் துணையாய்ப் பணியாற்றினார். 2014இல் 'ரைம்' சஞ்சிகை, எபோலாவை எதிர்த்துப் போராடியோருள் ஒருவராக அவரைத் தன் அட்டையிற் பதித்தது. 2017 பெப்ரவரியில், மகப்பேற்றின் பின் வலிப்புற்ற நிலையில் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டபோது, ஊழியர் அவரைத் தொடவே அஞ்சினர் என்பது குடும்பத்தாரின் குற்றச்சாட்டு. அவர் இறந்தார். போற்றிய உலகுக்கு அவரைத் தொடும் கைகள் இருக்கவில்லை!

அச்சம் முற்றிலும் ஆதாரமற்றதன்று எனச் சிலர் வாதிடலாம். குணமடைந்த ஆண்களின் விந்தில் வைரசு பல மாதங்கள் தங்கக்கூடும் என்பது உண்மையே. பரிசோதனையும் பாதுகாப்பு அறிவுரையுமே அதற்கு வழி, ஒதுக்கிவைத்தலன்று. குணமடைந்தவரின் கையைப் பற்றுவதால் எபோலா தொற்றாது.

ஆதலின் பிழைத்தவரின் மனத்தை மட்டும் திருத்த முனையும் சமூகப்பணி பாதிப்பணியே. திருத்தப்படவேண்டியது அவரை விலக்கும் அயலும் வைத்தியசாலையுமாகும். சமூகவியல் பயிலும் நாம், வடுப்பட்டவரை ஆராயுமுன் வடுப்படுத்தியவரை ஆராயத் துணிவோமா?