கொழுந்து பறிக்கும் கண்ணுக்கு ஒரு கண்ணாடி

தேயிலை பறிப்பது வெறும் கைவேலை என்று நினைப்பவர்கள் ஒருமுறை தோட்டத்தில் நின்று பார்க்க வேண்டும். இரண்டு இளம் இலை, நடுவில் விரியாத ஒரு மொட்டு. கிள்ள வேண்டியது அதை மட்டும்தான். எல்லாமே பச்சையாக இருக்கும் செடியில் எது இளசு, எது முற்றல் என்று நொடிக்கு நொடி பிரித்தறிந்து விரலுக்குச் சொல்வது கண். நாற்பதைத் தாண்டியதும் அந்தக் கண் தடுமாறத் தொடங்குகிறது.

இந்தத் தடுமாற்றத்தின் பெயர் வெள்ளெழுத்து. அது ஒரு நோயல்ல. பக்கத்தில் இருப்பதைப் பார்க்கும்போது விழிக்குள் உள்ள லென்ஸ் உப்பிக் கொடுக்க வேண்டும். வயது ஏற ஏற அது இறுகிப் போவதால் உப்ப முடிவதில்லை. இதில் யாருக்கும் விலக்கு கிடையாது. செய்தித்தாள் படிப்பவர் அதைத் தள்ளிப் பிடிக்கும்போதே விஷயம் தெரிந்துவிடும். எழுத்தோடு பழக்கமில்லாதவரோ, “வயசாச்சு, முன்ன மாதிரி கை ஓடல” என்று தன்மீதே பழியைப் போட்டுக்கொள்கிறார்.

கை ஓடாததற்குக் கண்தான் காரணம் என்பதை அசாமில் நடந்த ஓர் ஆய்வு தராசில் நிறுத்தே காட்டியது. நாற்பதும் அதற்கு மேலும் வயதான 751 தொழிலாளர்கள் அதில் பங்கேற்றார்கள். எல்லோருக்கும் தூரத்தில் இருப்பது நன்றாகத் தெரியும். பக்கத்தில் இருப்பதுதான் மங்கல். பாதிப் பேருக்கு உடனே கண்ணாடி கொடுத்தார்கள், மீதிப் பேரைக் காத்திருக்கச் சொன்னார்கள். கண்ணாடி போட்டவர்கள் ஒரு நாளில் பறித்தது 25 கிலோவிலிருந்து கிட்டத்தட்ட 35 கிலோவாக உயர்ந்தது. போடாதவர்களும் அந்தக் காலத்தில் நாலரை கிலோ போலக் கூடுதலாகப் பறித்திருந்தார்கள். அதைக் கணக்கில் கொண்ட பிறகும் கண்ணாடியால் கிடைத்த கூடுதல் பறிப்பு சுமார் 22 சதவீதம். ஐம்பதைத் தாண்டியவர்களிடம் 30 சதவீதத்துக்கும் மேல். ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ இதழ் 2018இல் வெளியிட்ட முடிவு இது. ஒருவருக்கான செலவு 10 டாலரைச் சுற்றித்தான்.

வங்கதேசத்தில் 824 பேரிடம் நடந்த இன்னோர் ஆய்வு 2024இல் வெளியானது. எட்டு மாதத்தில், கண்ணாடி பெற்றவர்களின் வருமானம் பெறாதவர்களைவிட மூன்றில் ஒரு பங்கு கூடியிருந்தது.

கான்டாக்ட் லென்ஸ் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது, அது நல்ல வழியும்கூட. ஒரே லென்ஸில் தூரத்துக்கும் பக்கத்துக்குமான பவரை வளையம் வளையமாக அமைக்கிறார்கள். எதைப் பார்க்க வேண்டும் என்று மூளை சில வாரங்களில் பழகிக்கொள்ளும். ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மறு கண்ணைப் பக்கத்துக்கும் பொருத்தும் முறையும் உண்டு. இரவு வெளிச்சத்தில் தெளிவு சற்றுக் குறையும், வயதானால் கண் வறட்சியும் சேரும். இவற்றை முன்கூட்டியே சொல்லிப் பொருத்தினால் அலுவலகம் போகிறவருக்கு அது உதவும். ஆனால் லென்ஸைத் தொடும் கை சுத்தமாக இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீர் அதன்மீது படவே கூடாது, கருவிழியை அரிக்கும் அமீபா தொற்ற வாய்ப்புண்டு. மண்ணிலும் மழையிலும் நிற்பவரிடம் அதை நீட்டுவது நியாயமல்ல. கண்ணாடியே வேண்டாம் என்ற பேச்சோடு வந்த சொட்டு மருந்துக்கான அனுமதியை 2024 செப்டம்பரில் மத்திய அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு நிறுத்திவைத்தது. அந்த மருந்து கண்ணின் பாவையைச் சுருக்கிச் சில மணி நேரம் தெளிவு தரும், அவ்வளவுதான்.

ஆகவே வெள்ளெழுத்துக் கண்ணாடியை உழைப்பவரின் கருவியாகவே பார்க்க வேண்டும். கத்தரிக்கோல் இல்லாமல் தையல்காரரை உட்காரவைப்பதில்லை. ஊசித்துளை தெரியாமல் மட்டும் ஏன் உட்காரவைக்கிறோம்?

தமிழ்நாட்டில் இதற்கு வழி ஏற்கெனவே இருக்கிறது. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி மாத்திரை தருகிறார்கள். அவர்கள் கொண்டுபோகும் பையில் ஒன்று முதல் இரண்டரை வரையிலான பவரில் சில கண்ணாடிகளும், எழுத்துக்குப் பதிலாக உருவங்கள் அச்சிட்ட ஓர் அட்டையும் சேரட்டும். கண்ணாடி போட்டும் தெளியாதவரையும் சர்க்கரை உள்ளவரையும் கண் மருத்துவரிடம் கட்டாயம் அனுப்ப வேண்டும். கண் நீர் அழுத்தமும் விழித்திரைக் கோளாறும் கடைக் கண்ணாடியில் தீராது. வால்பாறையிலும் கோத்தகிரியிலும் கொழுந்து எடை போடும் இடத்திலேயே இதைத் தொடங்கலாம். தோட்ட நிர்வாகங்கள் செலவை ஏற்க வேண்டும். கூடுதல் கொழுந்தால் அவர்களுக்கும் ஆதாயம் உண்டு.