பெட்டியோடு வந்த எஜமான்

வீட்டுக்குப் புதுக் கணினி வாங்குகிறவனுக்கு, அதில் எந்த ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஓட வேண்டுமென்று தீர்மானிக்கும் யோக்கியதை கிடையாதா என்று கேட்கிறோம். கடைக்காரர் விண்டோசைப் போட்டுக் கொடுத்தால், அதற்கும் சேர்த்து விலை அழுதுவிட்டு, இதுவேதான் கணினி என்று நம்பிக் கிடக்கிறோம்!

1991-ம் வருஷத்தில் ஹெல்சிங்கி மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்சை எவரும் இனாமாய்ப் பெறலாம். அதன் மூலநிரலைப் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். மறைத்துவைத்த மந்திரம் அதில் ஒன்றுமில்லை.

நாம் சொல்வதையும் நம்ப வேண்டாம், தோழர்களே! உபுண்டுவைப் பென்டிரைவில் ஏற்றி, கணினியை அதிலிருந்து கிளப்பினால், உள்ளிருப்பதை அழிக்காமலே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, ஒலி, பிரிண்டர் எல்லாம் வேலை செய்கின்றனவா என்று சோதியுங்கள். செய்யாவிட்டால் பென்டிரைவைப் பிடுங்கிவிடுங்கள். யாரும் சபிக்கப் போவதில்லை. பிடித்தால், சொந்தக் கோப்புகளுக்கு வேறிடத்தில் நகல் எடுத்த பிறகே பதியுங்கள். நகலெடுக்காமல் எல்லாவற்றையும் அழித்துவிட்டு லினக்சை வைவது என்ன நியாயம்?