டாக்டர் சொன்னது எது, சாதி சொன்னது எது?

சாப்பாட்டுக்கு விடை கொடுப்பது என்று ஒரு புதுப் பழக்கம் வந்திருக்கிறது. உடல் எடையைக் குறைக்க வயிற்றில் அறுவை செய்துகொள்ளப் போகிறவர்கள், அதற்கு முந்தைய வாரங்களில் தங்களுக்குப் பிடித்ததையெல்லாம் ஒரு முறை கடைசியாகத் தின்று தீர்க்கிறார்கள். பரோட்டா சால்னா, கறிதோசை, குடல் குழம்பு, ஜிகர்தண்டா என்று பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் நாள் குறித்து, குடும்பத்தோடு போய் வருகிறார்கள். பணக்காரக் கிறுக்கு என்று இதை ஒதுக்கிவிட முடியவில்லை. இப்போது நம்ம ஆட்களும் அந்தக் கட்டிலில் படுக்கிறார்கள். நம்ம ஆள் ஒருவர் சாப்பாட்டுக்கு விடை கொடுக்கும்போது, அதில் டாக்டர் சொன்னது எது, சாதி சொன்னது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

"கஞ்சிக்குச் செத்த சனத்துக்குக் குண்டு வியாதியா?" என்று சிரிக்கிற தோழர்கள் உண்டு. சிரிக்க வேண்டாம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100க்கு 40 பேர், ஆண்களில் 37 பேர் அளவுக்கு மீறிய எடையோடு இருக்கிறார்கள். இத்தனை பேரும் மாடி வீட்டுக்காரர்கள் இல்லை. பட்டினிக்கும் பருமனுக்கும் சம்பந்தம் இருக்கிறது என்பதை மருத்துவமே சொல்லியிருக்கிறது. 1944-45 குளிர்காலத்தில் நாஜிப் படைகள் உணவைத் தடுத்ததால் நெதர்லாந்தில் பஞ்சம் வந்தது. அப்போது வயிற்றில் இருந்த பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் சர்க்கரை நோய்க்கான கூறுகள் கூடுதலாக இருந்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள். புனேயில் மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக் 1993இல் கிராமத்துக் கர்ப்பிணிகளிடம் ஆய்வைத் தொடங்கினார். எடை குறைந்து பிறக்கிற நம் பிள்ளைகளுக்குச் சதைதான் குறைவு, கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை என்று அவர் காட்டினார். பார்த்தால் நோஞ்சான், உள்ளே கொழுப்பு.

இதை நம்ம மொழியில் சொன்னால், வயக்காட்டில் கூலிக்குக் குருணை வாங்கிய அப்பத்தாவின் பட்டினி பேரன் இடுப்பில் வந்து உட்கார்ந்திருக்கிறது. பட்டினி போட்டது யார் என்பது நமக்குத் தெரியும். ரேஷன் அரிசி 2008 செப்டம்பரில் கிலோ 1 ரூபாய்க்கு வந்தது, 2011 ஜூனிலிருந்து இலவசமாகவே கிடைக்கிறது. அந்த அரிசி நம் வீட்டு அடுப்பை எரிய வைத்தது. யாராவது அதைப் பழித்தால் நாம் எதிர்த்து நிற்க வேண்டும். ஆனால் அரிசி மட்டும் போதாது என்பதையும் நாம்தான் சொல்ல வேண்டும். வயிறு நிறைந்தது, உடம்புக்குப் புரதம் சேரவில்லை. கம்பும் கேப்பையும் போயின. நாற்றங்காலும் கதிரடிப்பும் குறைந்து இயந்திரம் வந்தது. ராத்திரி பரோட்டா நின்றபாடில்லை. "இலவச அரிசி தின்னு கொழுத்துட்டானுங்க" என்று ஊருக்குள் பேசுகிறார்களே, அந்த வாய்க்கு இந்தக் கணக்கு எதுவும் வேண்டாம். நமக்கு வேண்டும்.

அறுவை என்ன செய்கிறது? இங்கே அதிகம் நடப்பது இரண்டு வகை. ஒன்று, இரைப்பையில் ஏறத்தாழ முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு மீதியை வாழைக்காய் மாதிரிக் குழாயாகத் தைத்து விடுவது. மிச்சம் இருக்கும் பை, டீக்கடைக் கிளாஸ் அளவுதான் கொள்ளும். பசியைத் தூண்டுகிற சுரப்பு ஒன்று வெட்டி எடுத்த பகுதியில்தான் அதிகம் சுரக்கிறது. அதனால் பசியும் குறைகிறது. இன்னொன்று, இரைப்பையின் மேல்பகுதியில் சின்னப் பை ஒன்றை உண்டாக்கி அதைச் சிறுகுடலோடு நேராக இணைப்பது. இனிப்பைத் தின்றால் சிலருக்குப் படபடப்பும் மயக்கமும் வயிற்றுப்போக்கும் வரும். இரண்டிலுமே ஆயுள் முழுக்கச் சத்து மாத்திரை உண்டு. முதலில் தண்ணிச் சாறு, பிறகு கூழ், பிறகு குழைந்த சோறு, அப்புறம்தான் கெட்டிச் சாப்பாடு என்று வாரக்கணக்கில் ஏற வேண்டும். ஆப்பரேசன் செய்துகொண்டவருக்குச் சாராயம் சீக்கிரம் ஏறும், கூடுதலாக ஏறும் என்பதைக் குடிக்கிற தோழர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

இதிலிருந்தே ஒன்று தெரிகிறது. விடை கொடுக்கும் விருந்து என்ற பெயரில் முந்தின நாள்வரை தின்று தீர்ப்பது தப்பு. ஆப்பரேசனுக்கு முன்னால் ஏறத்தாழ இரண்டு வாரம் மாவும் கொழுப்பும் குறைத்த சாப்பாட்டில் இருக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கொழுத்த ஈரல் இரைப்பையை மூடிக்கொண்டு நிற்கும். அது சுருங்கினால்தான் டாக்டரின் கருவி உள்ளே போக முடியும். விருந்து ஈரலைக் கொழுக்க வைக்கும், ஆப்பரேசனைக் கஷ்டமாக்கும். ஆசைக்கு ஒரு வாய் தின்னட்டும், குற்றமில்லை. ஆனால் அதை அந்த இரண்டு வாரத்துக்கு முன்னாலேயே முடித்துவிட வேண்டும்.

வியாபாரமும் உள்ளே நிற்கிறது. உயரத்தையும் எடையையும் வைத்துப் போடுகிற கணக்கில் ஆசியர்களுக்கு 27.5க்கு மேலேயே அறுவையைப் பரிந்துரைக்கலாம் என்று 2022இல் உலக அறுவை நிபுணர் சங்கங்கள் சொல்லிவிட்டன. அதற்கு மருத்துவக் காரணமும் இருக்கிறது. ஆனால் அந்தக் கோடு இறங்கினால் சந்தை விரியும். 2024 ஏப்ரலில் சென்னைப் புறநகரில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு எடை குறைக்க வந்த புதுச்சேரி இளைஞர் உயிரோடு திரும்பவில்லை. அரசு விசாரணை நடத்த வேண்டி வந்தது. யாரும் யாரையும் இந்தக் கட்டிலில் தள்ளக்கூடாது. தேவைப்படுகிறவர், விவரம் தெரிந்து, கேள்வி கேட்டு, தன் முடிவாகப் போகட்டும்.

இப்போது சாதிக்கு வருகிறேன். சமயநல்லூர் தனித் தொகுதியாக இருந்த ஊர். 2006இல் இங்கே வென்ற தமிழரசி ஆதிதிராவிடர் நலத்துறை அமைச்சரானார். 2008 தொகுதிச் சீரமைப்பில் அந்தத் தொகுதியே இல்லாமல் போனது. ஒதுக்கீடு நமக்குச் சட்டமன்றத்தைத் தந்தது, வேலையைத் தந்தது, கல்லூரியைத் தந்தது. வாடகைக்கு வீடு தரவில்லை. ஊரை விட்டு வெளியேறி மதுரை சாலையோரப் புதுக் குடியிருப்புகளில் வீடு தேடுகிறவர்களிடம் இன்றும் கேட்கிறார்கள்: "நீங்க என்ன சாப்பிடுவீங்க?" அந்தக் கேள்வி வயிற்றைப் பற்றியது இல்லை என்பது கேட்கிறவனுக்கும் தெரியும், பதில் சொல்கிறவனுக்கும் தெரியும்.

எனக்குத் தெரிந்த ஒரு அண்ணன், அரசு வேலைக்காரர், இந்த அறுவைக்குத் தயாரானார். விடை கொடுக்கப் பட்டியல் போட்டிருந்தார். எல்லாவற்றையும் எழுதியவர் மாட்டுக்கறியை மட்டும் 'கறி' என்று எழுதியிருந்தார். "ஏண்ணே?" என்றேன். "பிள்ளைக பாக்கும்ல, அதுக ஸ்கூல்ல எதையாச்சும் சொல்லி வைக்குங்க" என்றார். ஆப்பரேசன் முடிந்து நாலு மாதத்தில் ஊருக்குத் திருவிழாவுக்கு வந்தார். சித்தப்பா வீட்டில் இலை போட்டார்கள். "வேணாம் சித்தப்பா" என்றார். காரணம் சொல்ல அவருக்குக் கூச்சம். சித்தப்பா முகம் செத்துப்போச்சு. "பெரிய மனுசனாயிட்டான்பா. நம்ம வீட்ல கை நனைக்க மாட்டேங்கிறான்."

அந்தச் சித்தப்பாவைத் தப்பாக நினைக்க முடியாது. சாப்பாட்டை மறுப்பது என்றால் என்ன அர்த்தம் என்பதை இந்த ஊர் அவருக்கு எழுபது வருசமாகச் சொல்லித் தந்திருக்கிறது. மேல்சாதிக்காரன் நம் வீட்டில் தண்ணீர் குடிக்காதபோதும், கல்யாணத்துக்கு வந்து மொய் மட்டும் வைத்துவிட்டுப் போனபோதும் அதே சொல்தான்: கை நனைக்கல. அந்த மொழியில் வாழ்கிறவருக்கு முன்னால் ஒருவர் இலையை மூடினால் அதில் மருத்துவம் தெரியாது, அவமானம்தான் தெரியும். அதனால் ஆப்பரேசன் செய்துகொள்கிற நம்ம ஆட்களுக்கு வெள்ளைக்காரப் புத்தகத்தில் இல்லாத கடமை ஒன்று இருக்கிறது. வாயைத் திறந்து சொல்ல வேண்டும்: "வயித்துல முக்காவாசி வெட்டி எடுத்துட்டாங்க சித்தப்பா. ஒரு கிளாஸ் அளவுதான் கொள்ளும். நீங்க வச்சதுல ரெண்டு துண்டு கறியும் ஒரு கரண்டி ரசமும் குடுங்க, உங்க பக்கத்துல உக்காந்து திங்கிறேன்." ரெண்டு துண்டு போதும். அளவு குறைந்தால் உறவு குறையாது, மறைத்தால்தான் குறையும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அது கசப்பானது. ஆப்பரேசனைச் சாக்காக வைத்து மாட்டுக்கறியைக் கைவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஊர்க்காரர்களிடம் "டாக்டர் சொல்லிட்டாரு". புது வீட்டுக்காரரிடம் "நாங்க அதெல்லாம் சாப்பிடறதில்லை". ஒரே கத்தியில் இரண்டு அறுவை. வயிறும் குறைந்தது, பிறந்த தெருவும் அறுந்தது. அவர்கள் வேண்டாமென்று சொல்வது ருசிக்காக இல்லை, வாடகை வீட்டுக்காக. அந்த நெருக்கடியைப் புரிந்துகொள்ளாமல் அவர்களைத் திட்டிப் பயனில்லை. ஆனால் அதற்கு மருத்துவம் என்று பெயர் வைக்கக் கூடாது.

"அம்பேத்கரே சாப்பாட்டை விடச் சொன்னாரே" என்று கேட்பார்கள். ஆமாம், 1927 மார்ச்சில் மகாத்தில் செத்த மாட்டின் இறைச்சியை விடச் சொன்னார். எதை விடச் சொன்னார் என்று பார்க்க வேண்டும். செத்ததைத் தூக்குவதும் அதையே உணவாக வாங்கிக்கொள்வதும் சாதி கட்டிய கடமை. அந்தக் கடமையை விடச் சொன்னார். யார் எறிந்ததோ அதை எறிந்தவன் முகத்திலேயே திருப்பி எறி என்பதுதான் அது. மாட்டுக்கறி இழிவு என்று ஒப்புக்கொள்ளச் சொல்லவில்லை. 1948இல் எழுதிய 'தீண்டத்தகாதவர்கள்' நூலில் மாடு தின்றதை வைத்தே தீண்டாமை எப்படிக் கட்டப்பட்டது என்று வரலாறாக விளக்கினார். வேதகாலத்தில் பிராமணர்களே மாடு தின்றார்கள் என்பதையும் அந்த நூலிலேயே எடுத்து வைத்தார். ஆகவே விடுவதா, வேண்டாமா என்பதைவிட, யார் உத்தரவுக்கு விடுகிறோம் என்பதுதான் அவர் நமக்கு வைத்துவிட்டுப் போன கேள்வி.

மறுபக்கம் நம் கலகக்காரத் தோழர்கள். "திங்கிறதுதான் கலகம். எவனும் என் தட்டை அளக்கக் கூடாது" என்கிறார்கள். 2017 மே மாதம் ஒன்றிய அரசு சந்தையில் இறைச்சிக்காக மாடு விற்கத் தடை கொண்டுவந்தபோது உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அதை நிறுத்தி வைத்தது. அதே மாதம் சென்னை ஐஐடியில் மாணவர்கள் மாட்டுக்கறி விருந்து வைத்தார்கள், அதில் ஒருவர் தாக்கப்பட்டார். அந்தக் கலகம் சரியானது, நாம் அதோடு நிற்கிறோம். ஆனால் மாட்டுக்கறிக்காக நாம் கட்டிய வாதத்தை மைதாவுக்கும் கலர் சோடாவுக்கும் நாலு ஸ்பூன் சீனி போட்ட டீக்கும் நீட்டக் கூடாது. பரோட்டா நம் பாட்டன் சொத்தல்ல. சர்க்கரையில் விரல் போய், கால் போய், வேலை போய் உட்காருகிறவர்கள் எந்த ஆதிக்கத்தை எதிர்த்து உட்கார்ந்திருக்கிறார்கள்?

இப்போது சாப்பாட்டுச் சீட்டைப் பார்ப்போம். சீட்டு எழுதுகிறவருக்குப் பெரும்பாலும் நம் அடுப்படி தெரியாது. பன்னீர், பாதாம், டப்பாவில் வரும் புரதப் பொடி என்று எழுதித் தருகிறார்கள். இந்த அறுவைக்குப் பின் நாளுக்கு 60 முதல் 80 கிராம்வரை புரதம் வேண்டும் என்பது மருத்துவப் பொது விதி. கொழுப்பு நீக்கிய மாட்டுக்கறி 100 கிராமில் 20 கிராமுக்குக் குறையாமல் புரதம் இருக்கிறது. ஒரு முட்டையில் 6 கிராம். நம் சட்டியில் ஏற்கெனவே இருப்பதைத்தான் சீட்டு எழுதுகிறவர் கண்ணுக்குத் தெரியாமல் அயல் டப்பாவில் தேடுகிறார். ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். கெட்டிக் கறி ஆரம்ப மாதங்களில் இறங்காது. கொத்திக் குழைய வேகவைத்து, காலம் பார்த்து, மெல்ல ஆரம்பிக்க வேண்டும். கொழுப்பும் எண்ணெயும் தவிர்க்க வேண்டும். கருவாட்டிலும் உப்புக்கண்டத்திலும் உப்பு அதிகம். ரத்தக்கொதிப்பு இருப்பவர்கள் டாக்டரைக் கேட்க வேண்டும். டாக்டரிடம் கேட்பதற்கு முதலில் வாய் வர வேண்டும்: "சார், நான் மாட்டுக்கறி சாப்பிடுவேன். எப்ப, எவ்வளவுன்னு சொல்லுங்க."

இந்தக் கேள்வியைக் கேட்க நாம் கூசினால் அந்தச் சீட்டு என்றைக்கும் மாறாது. நர்சிங் படிக்கிற, மருத்துவம் படிக்கிற, ஊட்டச்சத்து படிக்கிற நம் தங்கைகளும் தம்பிகளும் இதை ஒரு வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும். குடல், ஈரல், ரத்தம், மாட்டுக்கறி, அயிரை, நண்டு, கம்பு, கேப்பை என்று நம் சமையலின் பெயர்களும் அளவுகளும் எழுதிய ஒரு சீட்டைத் தமிழில் தயாரியுங்கள். ஷாஹூ பட்டோளே 2015இல் மராத்தியில் மராத்வாடா தலித் சமையலைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். நமக்குப் புத்தகத்துக்கு முன்னால் ஒரு பக்கம் போதும். அதை அரசு மருத்துவமனை வெளிநோயாளர் பகுதியில் ஒட்டச் சொல்லிப் போராடலாம். மாவட்டக் கலெக்டரிடம் மனுக் கொடுக்கலாம். சங்கத்துக்கு அடுத்த வேலைத்திட்டம் கிடைத்துவிட்டது.

பட்டியல் போடுகிற தோழருக்கு ஒரு வேண்டுகோள். இரண்டு பட்டியலாகப் போடுங்கள். டாக்டர் சொன்னதை ஒரு தாளில் எழுதுங்கள். வீட்டுக்காரரும் அலுவலகமும் பள்ளிக்கூடமும் சொல்லாமல் சொன்னதை இன்னொரு தாளில் எழுதுங்கள். முதல் தாளில் இருப்பதற்கு மனசார விடை கொடுங்கள், உடம்பு உங்களுடையது. இரண்டாவது தாளைக் கிழித்துப் போடுங்கள். மாட்டுக்கறியை மாட்டுக்கறி என்றே எழுதுங்கள்.