கடகட கீபோர்டும் கடலுக்குப் போகிற மச்சானும்

போன மாசம் மணமேல்குடியில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். ராத்திரி பதினோரு மணி. ஹாலில் பாயை விரித்துக் கண்ணை மூடினால், 'டக்... டகடக... டக்' என்று ஒரு சத்தம். ஆலங்கட்டி மழையோ என்று ஜன்னலைப் பார்த்தேன். நிலா தேமே என்று காய்ந்துகொண்டிருந்தது. எழுந்து போய்ப் பார்த்தால், மூலையில் அக்கா மகன். அவன் விரலுக்கடியில் கல்யாண வீட்டு சீரியல் செட் மாதிரி ஏழு கலரில் மின்னுகிற ஒரு கீபோர்டு.

"என்ன மாப்ளே, தீபாவளியா?"

"மெக்கானிக்கல் கீபோர்டு மாமா. வயர்லெஸ். ப்ளூடூத்!"

"எவ்வளவு?"

குரலைத் தாழ்த்தினான். "ஆறாயிரத்து ஐநூறு. அம்மாகிட்ட ரெண்டாயிரம்னு சொல்லியிருக்கேன். நீங்களும் அப்படியே சொல்லிடுங்க."

அப்போது உள்ளேயிருந்து ஒரு இருமல் வந்தது. சளி இருமல் இல்லை, வாசகம் உள்ள இருமல். மச்சான் நாட்டுப்படகில் கடலுக்குப் போகிறவர். மூணு மணிக்கு எழுந்தாக வேண்டும். மகனுக்கோ ஒரு சென்னைக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை, கஸ்டமர் இருப்பது அமெரிக்காவில். 2020-ல் கொரோனா ஆரம்பித்துவைத்த வழக்கம், இவனுக்கு மட்டும் இன்னும் தொடர்கிறது. அப்பா தூங்குகிற நேரத்தில் மகன் ஆபீஸ் போகிறான். ரெண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய சுவர்தான்.

"லேப்டாப்பிலேயே கீபோர்டு இருக்குமே, அது என்னாச்சு?" என்றேன்.

"உப்புக்காத்து மாமா. 'இ' எழுத்து போச்சு. சில நாள் 'ஆர்' எழுத்தும் லீவு போடும்."

மணமேல்குடியில் இது சகஜம். சைக்கிள் செயின், ஜன்னல் கம்பி, ஃபிரிட்ஜ் கதவு எதையும் கடற்காற்று விட்டுவைக்காது. துருப்பிடிக்காத சாமான் பிளாஸ்டிக் குடமும் மச்சானின் பிடிவாதமும்தான்.

சரி, அதென்ன மெக்கானிக்கல்? ஆபீஸில் உங்கள் மேஜையில் இருக்கிறதே, அந்த சாதா கீபோர்டைத் திறந்தால் உள்ளே ஒரு ரப்பர் விரிப்பு இருக்கும். எல்லா எழுத்துக்கும் அது ஒன்றுதான். கடைசி வரை அமுக்கினால்தான் எழுத்து விழும். மெக்கானிக்கலில் ஒவ்வொரு எழுத்துக்கும் தனி சுவிட்ச், தனி ஸ்பிரிங். சுமார் 4 மில்லிமீட்டர் கீழே போகிற கட்டை பாதி தூரம் போனாலே எழுத்து விழுந்துவிடும். விரலுக்கு வேலை குறைவு. ஒவ்வொரு சுவிட்சும் 5 கோடி அழுத்தம் தாங்கும் என்று கம்பெனிகள் சொல்கின்றன. என் ஜாதகத்தில்கூட அவ்வளவு ஆயுள் கிடையாது.

1980-களில் ஜெர்மனியின் செர்ரி கம்பெனி கொண்டுவந்த 'எம்.எக்ஸ்.' சுவிட்ச்தான் இந்த வம்சத்தின் பெரியவர். அதன் காப்புரிமை முடிந்து பத்து வருஷத்துக்கு மேலாகிறது. அப்புறம் சீனக் கம்பெனிகள் அதே மாதிரி செய்து தள்ள, விலை நம்ம பக்கம் இறங்கி வந்தது. கலரை வைத்து குணம் சொல்வார்கள். சிவப்பு, சத்தம் போடாமல் வழுக்கிக்கொண்டு போகும். பிரவுன், நடுவழியில் லேசாக ஒரு தட்டுத் தட்டிச் சொல்லும். நீலம், எழுத்து விழும்போதெல்லாம் 'க்ளிக்' என்று ஊருக்கே தண்டோரா போடும். மாப்பிள்ளை வாங்கியிருந்தது நீலம்.

"ஏண்டா நீலம்?"

"அதுலதான் மாமா ஃபீல் இருக்கு."

எனக்கு அறந்தாங்கி டைப் இன்ஸ்டிடியூட் ஞாபகம் வந்தது. நாற்பது விரல் ஒரே சமயத்தில் 'ஏ எஸ் டி எஃப்' அடிக்கிற அந்த இடி முழக்கத்தில்தான் நான் லோயர் பாஸ் பண்ணினேன். (ஹையர் ஏன் பாஸ் பண்ணவில்லை என்றால், எதிர் மிஷினில் உட்கார்ந்திருந்தவர் வேறு பேட்சுக்கு மாறிப் போய்விட்டார். அது தனிக் கதை.) அந்த இன்ஸ்ட்ரக்டர் ஸ்கேலால் மணிக்கட்டில் தட்டுவார். "கை தொங்கக் கூடாது!" மாப்பிள்ளைக்கு மணிக்கட்டு வலி என்று ஒரு குறை உண்டு. அது போய்விடும் என்றுதான் இதை வாங்கினானாம். போகவில்லை. மெக்கானிக்கல் கீபோர்டு உயரம் ஜாஸ்தி. கை மேல்நோக்கி மடங்கினால் வலி கூடத்தான் செய்யும். மணிக்கட்டுக்கு ஒரு சின்னத் தலையணை வைத்து, நாற்காலியை ஒரு பலகை உயர்த்திய பிறகுதான் தேவலை என்கிறான். பலகைக்கு பைசா செலவில்லை.

இப்போது ப்ளூடூத். பத்தாம் நூற்றாண்டு டென்மார்க் ராஜா ஹரால்டின் பட்டப்பெயர் அது, 'நீலப்பல்'. பிரிந்து கிடந்தவர்களை ஒன்றுசேர்த்த ராஜா என்று, 1997-ல் இன்டெல் இன்ஜினீயர் ஜிம் கார்டாக் தற்காலிகமாகச் சொன்ன பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. கார்டாக் பெரிய புராணம் படித்திருந்தால் மணமேல்குடிக்கு யோகம் அடித்திருக்கும். பாண்டிய மந்திரி குலச்சிறை நாயனார் இந்த ஊர்க்காரர். மங்கையர்க்கரசியாரோடு சேர்ந்து, வேதாரண்யத்தில் இருந்த சம்பந்தரை மதுரை ராஜாவோடு இணைத்துவைத்தவர். ப்ளூடூத்தோ பத்து மீட்டர் தாண்டினால் திணறுகிறது.

ஒயர் இல்லாததால் எங்கே வேண்டுமானாலும் உட்கார்ந்து அடிக்கலாம் என்று விளம்பரம் சொல்கிறது. அப்பாவுக்குத் தொந்தரவு வேண்டாமென்று மாப்பிள்ளை ஒரு நாள் கீபோர்டை மட்டும் தூக்கிக்கொண்டு திண்ணைக்குப் போயிருக்கிறான். நன்றாகத்தான் அடித்ததாம். என்ன அடித்தோம் என்று பார்க்க ஸ்கிரீன் உள்ளே இருந்தது.

நிஜமான சௌகரியம் வேறு. ஒரே கீபோர்டை லேப்டாப், போன், டேப்லெட் மூன்றோடும் சேர்த்துவைத்து, ஒரு கட்டையைத் தட்டி மாற்றிக்கொள்ளலாம். போனில் வந்த மெஸேஜுக்கு பத்து விரலால் பதில் அடிப்பது சுகம்தான். தமிழில் அடிக்கிறவர்களுக்கு இன்னும் சுகம். 1999-ல் தமிழக அரசு ஏற்ற 'தமிழ்99' முறையில் உயிரெழுத்தெல்லாம் இடது கையில், மெய்க்கு வலது கை. 'அம்மா' அடிக்க நாலே தட்டு, நடுவில் புள்ளி தானாக விழும். போன் கண்ணாடியில் கட்டைவிரலால் இதைச் செய்து பாருங்கள், தெரியும்.

குறைகளுக்கு வருகிறேன். நான் இருந்த மூன்றாம் நாளே ஒன்று அரங்கேறியது. ராத்திரி ஒன்பதரைக்கு அமெரிக்காக்காரனோடு மீட்டிங். ஒன்பதேகாலுக்கு லேப்டாப் தன்னிஷ்டத்துக்கு அப்டேட் ஆகி அணைந்து எழுந்தது. எழுந்ததும், விண்டோஸ் வருவதற்கு முன்னாலேயே டிஸ்க்கைத் திறக்க ஒரு பாஸ்வேர்டு கேட்டது. கம்பெனி ஏற்பாடு. மாப்பிள்ளை அடிக்கிறான், அடிக்கிறான், ஒரு எழுத்தும் விழவில்லை. ப்ளூடூத் உயிர் பெறுவதே விண்டோஸ் வந்த பிறகுதான். விண்டோஸ் வர பாஸ்வேர்டு வேண்டும். பாஸ்வேர்டு அடிக்க ப்ளூடூத் வேண்டும். சாவியை உள்ளே வைத்துப் பூட்டிய வீடு.

"லேப்டாப் கீபோர்டிலேயே அடியேன்!"

"பாஸ்வேர்டுல ரெண்டு 'இ' இருக்கு மாமா."

கீபோர்டோடு வந்த ஒயரைத் தங்கச்சி போன் சார்ஜ் போட எடுத்துக்கொண்டு ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். பக்கத்து வீட்டு ஒயரை வாங்கி வந்தோம். விளக்கு எரிந்தது, எழுத்து விழவில்லை. சில மலிவு ஒயரில் கரன்ட் மட்டும்தான் போகும், தகவல் போகாது. கடைசியில் என் பையிலிருந்த போன் ஒயர் காப்பாற்றியது. மீட்டிங்குக்கு 25 நிமிஷம் லேட். ஏற்கெனவே ஒரு தடவை எச்சரிக்கை மெயில் வாங்கியிருந்தவன். ஹெட்போனுக்குள் யாரோ பேசப் பேச, அவன் முகம் போன போக்கைப் பார்த்து நான் கொல்லைப் பக்கம் போய்விட்டேன். வேலை போகவில்லை. ஆனால் 'இனிமேல் ஆபீஸுக்கே வந்து வேலை பார்' என்பது இன்னொரு லேட் தூரத்தில்தான் இருக்கிறது. அதற்கு அர்த்தம் சென்னையில் ஒரு ரூம், அதற்கு வாடகை, மெஸ் சாப்பாடு. மச்சான் வலை இழுக்க ஆள் இல்லாத நாட்களில் கூடப் போகிறவனும் இவன்தான்.

ஆகவே, வாங்கினால் ஒயர், யு.எஸ்.பி.யில் செருகுகிற குட்டி ரிசீவர், ப்ளூடூத் மூன்றும் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அந்த ரிசீவர் கம்ப்யூட்டர் கண்ணுக்கு ஒயர் கீபோர்டு மாதிரியே தெரியும், பாஸ்வேர்டு ஸ்கிரீனிலும் வேலை செய்யும். சும்மா வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால் ப்ளூடூத் கீபோர்டு தூங்கிவிடும். திரும்பி வந்து அடிக்கிற முதல் சில எழுத்துகளை விழுங்கிவிட்டுத்தான் எழுந்திருக்கும். 'டியர் சார்' என்று அடித்தால் 'ர் சார்' என்று போய் நிற்கும். கலர் விளக்கை அணைத்தால் பேட்டரி வாரக்கணக்கில் வரும், போட்டால் சில நாள்தான். இன்னொன்று: அனுமதி கேட்காமலேயே ஒரு போலிக் கீபோர்டை உங்கள் போனோடு சேர்த்துவிட முடியும் என்று மார்க் நியூலின் என்ற ஆய்வாளர் 2023 டிசம்பரில் காட்டினார். ஓட்டையை அடைத்துவிட்டார்கள். அடைப்பு வருவது அப்டேட்டில்தான், அதனால் அப்டேட்டைத் திட்டாதீர்கள். (திட்டிவிட்டுப் போடுங்கள்.)

சத்தம்? நான் கிளம்புகிற அன்று மச்சானே ஒரு வழி செய்தார். பழைய வலைத் துண்டு ஒன்றை நாலாக மடித்து, மேலே தன் துண்டை விரித்து, "இதுமேல வச்சு அடிடா" என்றார். மேஜை அதிர்வது நின்று பாதி சத்தம் அடங்கியது. மீதிப் பாதி அந்த நீல சுவிட்சின் பிறவிக் குணம். மாப்பிள்ளை வாங்கியது சுவிட்சை மட்டும் பிடுங்கி மாற்றுகிற ரகம். எல்லாக் கீபோர்டிலும் இந்த வசதி கிடையாது, வாங்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். நாளைக்கு உப்பு ஒரு எழுத்தைத் தின்றாலும் அந்த ஒரு சுவிட்சை மாற்றினால் போதும்.

போன வாரம் போன் பண்ணினான். சத்தமில்லாத சுவிட்ச் வாங்கி எண்பதுக்கு மேல் உட்கார்ந்து மாற்றிவிட்டானாம். அம்மாவிடம் எவ்வளவு சொன்னாய் என்று நான் கேட்கவில்லை.

"மச்சான் இப்ப நல்லா தூங்குறாரா?"

"எங்க மாமா! ஒரு சத்தத்தையும் காணோமே, வேலை பாக்குறானா தூங்கிட்டானான்னு மணிக்கொரு தரம் எந்திரிச்சு வந்து எட்டிப் பாக்குறாரு."